தாத்தாவின் பெயர் பேத்திக்கு

எங்கள் தெருவில் ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் மாணவி ஒருத்தி இருக்கிறாள். கணக்கிலோ இயற்பியலிலோ சந்தேகம் வந்தால் நோட்டுப் புத்தகத்துடன் என் வீட்டுக்கு வந்துவிடுவாள். சில மாதங்களுக்கு முன் ஒரு மாலையில் வந்தவள் கேட்ட சந்தேகம் பாடத்தைப் பற்றியதன்று.

அவளுக்குத் தங்கை பிறந்திருந்தாள். அதற்கு முந்தைய ஆண்டில் காலமான அவளுடைய தாத்தாவின் பெயர் சந்திரசேகரன். அந்தப் பெயரைக் குழந்தைக்கு வைக்க வேண்டும் என்று பாட்டி ஆசைப்பட்டார். வீட்டுப் பெரியவர்களோ, "பெண் குழந்தைக்கு அந்தப் பெயரை எப்படி வைப்பது? அடுத்தது ஆண் பிறந்தால் பார்த்துக்கொள்ளலாம்" என்று சொல்லிவிட்டார்கள்.

"நான் பிறந்தபோதும் இதையேதான் சொன்னார்களாம் சார். அந்தப் பெயரைப் பெண்ணுக்கு ஏற்றபடி மாற்றவே முடியாதா?" என்று கேட்டாள்.

கேள்வி எளியதுதான். ஆனால் விடை தேடிப் புறப்பட்டால் இலக்கணம், மொழி வரலாறு, வானியல் என்று பல இடங்களுக்கும் போய்வர வேண்டியிருக்கிறது. நாமும் ஒரு முறை போய் வருவோமா?

பெயரின் ஈற்றைப் பாருங்கள்

முதலில் தமிழ்ப் பெயர்களை எடுத்துக்கொள்வோம். செல்வன், செல்வி, அழகன், அழகி, தலைவன், தலைவி, தமிழரசன், தமிழரசி. இவற்றில் பகுதி மாறவில்லை. 'அன்' என்னும் விகுதி நீங்கி, 'இ' என்னும் விகுதி வந்து சேர்ந்திருக்கிறது. ஒருவன், ஒருத்தி என்பதில் 'த்தி' வருகிறது. தம்பி, தங்கை என்னும் இணையில் 'தம்' என்பது பொது. 'பி' ஆணையும் 'கை' பெண்ணையும் காட்டுகின்றன. பழந்தமிழில் என் தம்பி 'எம்பி', என் தங்கை 'எங்கை'. நம்பி, நங்கை என்பனவும் இதே அச்சில் வார்த்தவை.

வடமொழிப் பெயர்களில் பல இப்படியே எளிதாக மாறிவிடும். சுந்தரன், சுந்தரி, குமரன், குமரி, சங்கரன், சங்கரி. ஆனால் பகவான் என்பதற்குப் பெண்பால் என்ன? 'பகவானி' என்று யாரும் சொல்வதில்லை. பகவதி என்றே சொல்கிறோம். இந்தத் 'தி' எங்கிருந்து வந்தது?

அது புதிதாக வந்ததன்று, உள்ளே மறைந்திருந்தது. அந்தச் சொல்லின் உண்மையான பகுதி 'பகவத்'. ஆண்பாலில் அது 'பகவான்' என்று உருமாறும்போது 'த்' மறைந்துவிடுகிறது. பகவத்கீதை என்னும் சொல்லில் அந்த எழுத்து இன்றும் வெளிப்படையாக நிற்பதைப் பாருங்கள். பெண்பால் விகுதி பகுதியுடன்தான் சேருமே தவிர, உருமாறிய வடிவத்துடன் சேராது. ஸ்ரீமான், ஸ்ரீமதி என்பதும் இவ்வாறே. ராஜன் என்பதற்குப் பெண்பால் 'ராஜ்ஞீ'. அது மக்கள் வழக்கில் தேய்ந்து 'ராணி' ஆயிற்று. ராஜனும் ராணியும் ஒலியில் விலகி நின்றாலும் ஒரே வேரில் முளைத்தவர்கள்.

இதிலிருந்து நாம் பெறும் முதல் விதி இது: பெயரை மாற்றுவதற்கு முன் அதன் பகுதியைக் கண்டுபிடி.

தலைச்சொல் எது?

இரண்டு சொற்கள் சேர்ந்து ஒரு பெயரானால், எதை மாற்றுவது?

ரமேஷ் என்னும் பெயரைப் பிரித்துப் பாருங்கள். ரமா + ஈசன். ஆ என்பதும் ஈ என்பதும் சேர்ந்து ஏ ஆயிற்று. ரமா என்பது திருமகளின் பெயர். ரமாவின் தலைவன் ரமேசன். மகேஷ் என்பது மகா + ஈசன், அதாவது பெருந்தலைவன். உமேஷ், கணேஷ், தினேஷ், சுரேஷ் ஆகிய எல்லாம் இந்த ஈசன் குடும்பத்தைச் சேர்ந்தவையே. தினேஷ் என்றால் பகலின் தலைவன், அதாவது சூரியன்.

இந்தப் பெயர்களில் 'ஈசன்' என்பதுதான் பெயருக்கு உரியவரைக் குறிக்கிறது. முன்னால் நிற்பது அவர் எதற்குத் தலைவர் என்று காட்டும் அடைமொழி. ஆகவே ஈசன் என்னும் பகுதியை மட்டும் ஈஸ்வரி என்று மாற்றினால் போதும். மகேஷ், மகேஸ்வரி, ராஜேஷ், ராஜேஸ்வரி, புவனேஷ், புவனேஸ்வரி. முன்பகுதியைத் தொட வேண்டியதில்லை.

ஐரோப்பியப் பெயர்களிலும் இந்த விதி செல்லும். அலெக்சாண்டர் என்பது கிரேக்கச் சொல். 'காத்தல்' என்று பொருள்படும் ஒரு சொல்லும், 'மனிதன், ஆண்மகன்' என்று பொருள்படும் ஒரு சொல்லும் சேர்ந்தது. மனிதரைக் காப்பவன் என்பது பொருள். இதன் பெண்பால் அலெக்சாண்ட்ரா. காப்பவன் காப்பவளாக மாறினாள். காக்கப்படும் 'மனிதர்' அப்படியே உள்ளே இருக்கிறார்கள். ஆக, இரண்டாம் விதி: பெயருக்கு உரியவரைச் சுட்டும் சொல்லை மட்டும் மாற்று.

நிகரா, மகளா, மனைவியா?

'ஜனகன் என்பதற்குப் பெண்பால் ஜானகி' என்று ஒரு மாணவர் எழுதினால் மதிப்பெண் தரலாமா? கூடாது. ஜானகி என்றால் ஜனகனின் மகள். இங்கே நிகழ்வது வேறொரு மாற்றம். முதல் உயிரொலி பெருக்கிறது, அகரம் ஆகாரமாகிறது, இறுதியில் ஈகாரம் வருகிறது. சில எடுத்துக்காட்டுகளைப் பாருங்கள்:

ஜனகன் மகள் ஜானகி.
துருபதன் மகள் திரௌபதி.
பர்வதத்தின், அதாவது மலையின் மகள் பார்வதி.
மிதிலை நாட்டினள் மைதிலி.
விதேக நாட்டினள் வைதேகி.

அ என்பது ஆ ஆகிறது, இ என்பது ஐ ஆகிறது, உ என்பது ஔ ஆகிறது. எவ்வளவு ஒழுங்கான விதி! ஆண்களுக்கும் இது உண்டு. வசுதேவரின் மகன் வாசுதேவன். 'வ' என்பது 'வா' ஆனதும் தந்தை பெயர் மகன் பெயராகிவிட்டது.

இந்திரன், இந்திராணி என்பது இன்னொரு வகை. இந்திராணி இந்திரனின் மனைவி. பாணினியின் இலக்கணம் இந்திரன், வருணன், பவன், ருத்திரன் முதலிய பெயர்களுக்கு இந்த விகுதியை விதிக்கிறது. பவன் என்பது சிவனின் ஒரு பெயர். பவனின் துணைவி பவானி. ஈரோட்டுப் பக்கத்தில் ஓடும் ஆற்றின் பெயர் எந்த இலக்கண விதியில் பிறந்தது என்று தெரிகிறது அல்லவா?

மகளையும் மனைவியையும் நிகரான பெயரிலிருந்து பிரித்தறிய ஒரு சோதனை உண்டு. இயற்பியலில் நாம் அறிந்ததுதான். சமதளக் கண்ணாடியில் உங்கள் வலக்கை இடக்கையாகத் தெரியும். அந்தப் பிம்பத்தை மற்றொரு கண்ணாடியில் பார்த்தால் மீண்டும் வலக்கை ஆகிவிடும். இரு முறை எதிரொளித்தால் தொடங்கிய நிலைக்கே திரும்ப வேண்டும். பெயருக்கும் அவ்வாறே. செல்வனைச் செல்வியாக்கி, செல்வியை மீண்டும் ஆணாக்கினால் செல்வன் கிடைக்கிறான். ஜானகியை ஆணாக்கினாலோ, ஜனகனின் மகன் என்று பொருள்படும் 'ஜானகன்' கிடைப்பான், ஜனகன் கிடைக்கமாட்டான். ஆகவே ஜனகனும் ஜானகியும் நிகர்ப் பெயர்கள் அல்ல. இதுவே மூன்றாம் விதி.

ஒலி ஏமாற்றும்

இந்திரா என்னும் பெயரைக் கேட்டவுடன், இந்திரனின் பெண்பால் என்றே எவருக்கும் தோன்றும். அது தவறு. இந்திரா என்பது திருமகளின் பெயர்களுள் ஒன்று.

எழிலன், எழிலி என்பதையும் பாருங்கள். எழில் என்றால் அழகு. ஆகவே எழிலி என்றால் அழகுடையவள் என்று கொள்கிறோம். அதில் பிழையில்லை. ஆனால் பழந்தமிழில் எழிலி என்னும் சொல்லுக்கு மேகம் என்று பொருள். திருக்குறளில் வான்சிறப்பு அதிகாரத்தில் அந்தப் பொருளில்தான் வருகிறது. எழிலி என்ற பெயருள்ள மாணவிகள் இரண்டு பொருளையும் தமக்கென வைத்துக்கொள்ளலாம்!

கண்ணன் என்னும் பெயர் இன்னும் சுவையானது. தாமரைக்கண்ணன் என்பதில் கண் இருக்கிறது. அதற்குப் பெண்பால் தாமரைக்கண்ணி. ஆனால் ஆயர்பாடிக் கண்ணனின் பெயர் கண் என்னும் சொல்லிலிருந்து வந்ததன்று. கிருஷ்ண என்னும் வடசொல் பிராகிருதத்தில் 'கண்ஹ' ஆகி, பிறகு தமிழில் கண்ணன் ஆயிற்று என்று மொழியறிஞர்கள் கூறுவர். கிருஷ்ண என்றால் கரிய நிறம். அதன் பெண்பால் இறுதி நீண்ட 'கிருஷ்ணா'. மகாபாரதத்தில் திரௌபதிக்கு அந்தப் பெயர் உண்டு. எழுத்தளவில் ஒன்றாகத் தோன்றும் கண்ணனுக்கு, வேர் வேறுபட்டால் பெண்பாலும் வேறுபடுகிறது. ஆகவே காதை மட்டும் நம்பி முடிவுக்கு வரக் கூடாது.

வானத்தில் பெண்ணான விஞ்ஞானிகள்

இந்த வேலையைப் பல ஆண்டுகள் தொடர்ந்து செய்தவர்கள் யார் தெரியுமா? வானியல் அறிஞர்கள்!

1801 ஜனவரி முதல் நாளன்று இத்தாலிய வானியலார் பியாசி, செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையே ஒரு சிறுகோளைக் கண்டார். ரோமானியரின் வேளாண்மைத் தெய்வமான செரஸ் என்னும் பெண் தெய்வத்தின் பெயர் அதற்குச் சூட்டப்பட்டது. அடுத்து 1802-ல் பல்லாஸ், 1804-ல் ஜூனோ, 1807-ல் வெஸ்டா என மூன்று சிறுகோள்கள் அகப்பட்டன. அவையும் பெண் தெய்வங்களின் பெயர்களே. சிறுகோள் என்றால் பெண் பெயர்தான் என்பது வழக்கமாகிவிட்டது.

பிறகு ஒரு சிக்கல் எழுந்தது. ஆண் ஒருவரைச் சிறப்பிக்க வேண்டுமானால் என்ன செய்வது? 1858-ல் கோல்ட்ஷ்மிட் என்பவர் 54-ஆம் சிறுகோளைக் கண்டுபிடித்தார். அதற்கு ஜெர்மானிய அறிஞர் அலெக்சாண்டர் ஹம்போல்ட்டின் பெயரை வைத்தார்கள். 'அலெக்சாண்ட்ரா' என்று பெண்பாலாக மாற்றி! இலத்தீன் மொழியில் ஆகார ஈறு பெரும்பாலும் பெண்பாலைக் காட்டும். அந்த ஒரே விதியைக் கொண்டு பல விஞ்ஞானிகள் பெண் பெயர் பெற்றார்கள். 1908-ல் கண்டுபிடிக்கப்பட்ட 662-ஆம் சிறுகோள் நியூட்டோனியா. 1910-ல் கண்டுபிடிக்கப்பட்ட 697-ஆம் சிறுகோள் கலிலியா. 1923-ல் கண்டுபிடிக்கப்பட்ட 1000-ஆம் சிறுகோள், முதற்சிறுகோளைக் கண்ட பியாசியின் நினைவாகப் பியாசியா ஆயிற்று. 1001-ஆம் சிறுகோள் கணித மேதை காஸின் நினைவாகக் காஸியா ஆயிற்று.

1898-ல் கண்டுபிடிக்கப்பட்ட ஈராஸ் என்னும் சிறுகோளுக்கு ஆண் தெய்வம் ஒன்றின் பெயரை மாற்றாமலே வைத்தனர். வழக்கம் மெல்ல மெல்லத் தளர்ந்தது. 1973-ல் கண்டுபிடிக்கப்பட்ட 2001-ஆம் சிறுகோளின் பெயர் 'ஐன்ஸ்டைன்' என்றே இருக்கிறது.

நியூட்டனின் பெயரைப் பெண்பாலாக்கியதால் நியூட்டனுக்கு ஏதேனும் குறை வந்ததா? இல்லை. பெயர் நிலைக்க வேண்டும் என்பதே அங்கே நோக்கம்.

மீண்டும் சந்திரசேகரன்

நம் மாணவியின் கேள்விக்கு வருவோம். சந்திர + சேகரன். சேகரம் என்றால் தலையில் அணியும் அணி. சந்திரனைத் தலையணியாக உடையவன் என்பது பொருள், சிவபெருமானைக் குறிக்கும்.

வடமொழி இலக்கணப்படி இதன் பெண்பால் 'சந்திரசேகரா'. விதி சரி, தமிழ்க் காது ஒப்புக்கொள்ளாது. தமிழில் சந்திரசேகரனைக் கூப்பிடும்போது "சந்திரசேகரா!" என்றுதானே கூப்பிடுவோம்? குழந்தையை அழைத்தால் தாத்தாவை அழைத்ததாக ஆகிவிடும்.

சங்கரன், சங்கரி என்பதைப் பின்பற்றிச் 'சந்திரசேகரி' எனலாம். கேட்டவுடன் தாத்தாவின் பெயர் விளங்கும்.

'சந்திரகலா' என்னும் பெயர் வழக்கில் உள்ளது. ஆனால் அது பிறையின் பெயர்; பிறையை அணிந்தவரின் பெயரன்று. நம் எதிரொளிப்புச் சோதனையில் தேறாது.

ஒலியை விட்டுப் பொருளை மட்டும் எடுத்துக்கொண்டால் தமிழிலேயே அருமையான பெயர் கிடைக்கிறது. சந்திரசேகரன் என்பதற்கு நேரான தமிழ், பிறைசூடன். அதன் பெண்பால் 'பிறைசூடி'. இங்கே ஒன்றைக் கவனியுங்கள். 'இ' என்னும் ஈறு எல்லா இடத்திலும் பெண்ணையே குறிக்கும் என்று எண்ணிவிடக் கூடாது. அறிவாளி, தொழிலாளி என்பவை இருபாலாருக்கும் பொது. பிறைசூடி என்பதும் அப்படியே; தேவாரத்தில் அது சிவபெருமானையே குறிக்கிறது. ஆகவே ஓர் எழுத்தையும் மாற்றாமல் தாத்தாவுக்கும் பொருந்தும், பேத்திக்கும் பொருந்தும்.

சந்திரசேகர் என்றவுடன் இயற்பியல் படித்தவர்களுக்கு நினைவு வருபவர், 1983-ல் நோபல் பரிசு பெற்ற வானியற்பியல் அறிஞர் சுப்பிரமணியன் சந்திரசேகர். இவர் சர் சி. வி. ராமனின் அண்ணன் மகன். ராமனின் பெயர் முன்னெழுத்தான 'சி' என்பது அவருடைய தந்தையார் சந்திரசேகரரைக் குறிப்பது. அந்தத் தாத்தாவின் பெயர்தான் பேரனுக்கு வந்தது. 1999-ல் விண்ணில் ஏவப்பட்ட எக்ஸ் கதிர்த் தொலைநோக்கிக்கு அறிஞரின் நினைவாகச் 'சந்திரா' என்று பெயரிட்டார்கள். நண்பர்கள் அவரைச் சுருக்கமாக அழைத்த பெயர் அது. தமிழ்நாட்டில் சந்திரா என்பது பெண்ணின் பெயர் அல்லவா? தாத்தாவின் பெயர் பேரனுக்கு வந்து, அங்கிருந்து விண்ணுக்கும் போய், நம் ஊர்ப் பெண் பெயராகவும் ஒலிக்கிறது.

இவற்றையெல்லாம் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். கடைசியில் ஒரு குறிப்பும் சேர்த்தேன். பேரன் என்னும் சொல் 'பெயரன்' என்பதன் மரூஉ. பாட்டனின் பெயரைத் தாங்குபவன் என்பது பொருள். பேத்தி என்பது? பெயர்த்தி, பேர்த்தி, பேத்தி என வந்தது. பெயரைத் தாங்குபவள் என்பதே அதற்கும் பொருள். பெயரைத் தாங்கும் உரிமையைத் தமிழ்மொழி பேரனுக்கு மட்டும் தரவில்லை.

பத்து நாள் கழித்து அவள் மீண்டும் வந்தாள்.

"சார், 'பெயர்த்தி' என்று நீங்கள் எழுதியதை அப்பாவிடம் படித்துக் காட்டினேன். அவர் ஒன்றும் பேசவில்லை. பிறகு அவரே எல்லாப் பெயர்களையும் பாட்டியிடம் வாசித்தார். 'சந்திரசேகரி' என்றே முடிவு செய்யப் பார்த்தார்கள். பாட்டிதான் வேண்டாம் என்றார்."

"ஏன்? அவர்தானே அந்தப் பெயருக்கு ஆசைப்பட்டார்?"

"பாட்டி தாத்தாவின் பெயரை வாயால் சொன்னதே இல்லையாம் சார். அந்தப் பெயரை வைத்தால் குழந்தையை அவரால் கூப்பிட முடியாதாம். 'அர்த்தம் அதேதானே? பிறைசூடி என்றே வையுங்கள், நான் வாய்நிறையக் கூப்பிடுகிறேன்' என்றார்."

கணவரின் பெயரைச் சொல்லக் கூடாது என்னும் பழைய வழக்கத்தை நான் மறந்தே போயிருந்தேன். ஒலி வேறாகவும் பொருள் ஒன்றாகவும் இருக்கும் பெயரின் பயன் எனக்கு அப்போதுதான் புரிந்தது.

செய்து பாருங்கள்

கீழ்க்காணும் பெயர்களுக்கு எதிர்ப்பால் நிகர்களைக் கண்டுபிடியுங்கள். பிரியுங்கள், பகுதியைக் காணுங்கள், பெயருக்கு உரியவரைச் சுட்டும் சொல்லை மாற்றுங்கள், திருப்பி மாற்றிச் சரிபாருங்கள்.

1. குணவான்
2. அன்பழகன்
3. ஜகதீசன்
4. மீனாட்சி
5. மைதிலி
6. விக்டோரியா

விடைகள்: 1. குணவதி. இதன் பகுதி 'குணவத்'. 2. அன்பழகி. 3. ஜகதீஸ்வரி. 4. மீனாட்சன். மீன் போன்ற கண்களை உடையவன் என்பது பொருள், தமிழில் கயற்கண்ணன். 5. மைதிலன், அதாவது மிதிலை நாட்டினன். 6. விக்டர். இலத்தீனில் வென்றவன் என்று பொருள்.

இவற்றை முடித்தபின் உங்கள் தாத்தா, பாட்டி பெயர்களை எடுத்துக்கொள்ளுங்கள். பொருள் தெரியாவிட்டால் அவர்களையே கேளுங்கள். அந்தப் பெயர் யாருடைய நினைவாக அவர்களுக்கு வைக்கப்பட்டது என்பதையும் சேர்த்துக் கேட்டு எழுதி வையுங்கள்.